லைசென்ஸ் கெடச்சிருச்சு, பேசத்தான் வாய் வரல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருசா வருசம் ஐப்பசி பொறந்து மழை ஆரம்பிச்ச உடனே எல்லா பேப்பர்லயும் ஒரு செய்தி வந்துரும். புயல் அடிச்சு செல்போன் டவர் சாஞ்சாலும் ஹாம் ரேடியோ (ஆர்வத்துக்காக லைசென்ஸ் வாங்கி வயர்லெஸ்ல பேசுற அமெச்சூர் ரேடியோ) கைகொடுக்கும், தன்னார்வலர்கள் தயாரா இருக்காங்க அப்படின்னு. கூடவே ஒரு போட்டோ, மேசை மேல ரெண்டு செட்டு, பக்கத்துல ஹெட்போன் மாட்டுன ஒரு ஆளு. செய்தில தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த செட்ட கையில எடுத்தா எதிர்ல இருக்குற ஆளுகூட எப்படி பேசுறது, முத வார்த்தைக்கு அப்புறம் ரெண்டாவது வார்த்தை எங்க இருந்து வரும், இத எந்த செய்தியும் சொல்லல. லைசென்ஸ் வாங்குன பசங்களுக்கே அது தெரியலங்கறதுதான் விசயம், அதுக்குத்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போடுறதா இருந்தா முன்னாடியும் பின்னாடியும் வெட்டிக்கங்க, நடுவுல கை வைக்காதீங்க.

நான் தங்கச்சிமடத்துல போட்டுக்காரங்களுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், விஎச்எஃப் வயர்லெஸ் எல்லாம் ரிப்பேர் பாக்குற ஆளு. ஹாம் லைசென்சும் வச்சிருக்கேன். அதனால ராம்நாட்டுல இருந்து, கீழக்கரைல இருந்து, காலேஜ் பசங்க புள்ளைங்க கடைக்கு வருவாங்க, அண்ணே லைசென்ஸ் வந்திருச்சு அண்ணே, எந்த செட்டு வாங்கலாம், எந்த கேபிள் நல்லதுன்னு கேப்பாங்க. சொல்லி அனுப்புவேன். அப்புறம் பாத்தா சத்தமே இருக்காது. ஏம்ப்பா காத்துல, அதாவது அலைவரிசைல, ஆளக் காணோமேன்னு கேட்டா, கேட்டுக்கிட்டுதான் அண்ணே இருக்கேன், என்ன பேசுறதுன்னு தெரியலன்னு சொல்லுவாங்க. இது ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, பெரும்பாலும் இந்த பதில்தான்.

பரீட்சைய குத்தம் சொல்லல. மத்திய அரசு டெலிகாம் துறைல இருக்குற டபிள்யூபிசி நடத்துற பரீட்சை அது, 12 வயசு முடிஞ்சா எழுதலாம், ரெஸ்ட்ரிக்டட்னு ஒரு கிரேடு ஜெனரல்னு ஒரு கிரேடு, ஜெனரலுக்கு தந்தி மொழியான மோர்ஸ் நிமிசத்துக்கு 8 வார்த்தை வேகத்துல அனுப்பவும் வாங்கவும் தெரியணும். ரேடியோ தியரி ஒரு பாகம், சட்டதிட்டம் ஒரு பாகம். போலீஸ் வெரிஃபிகேசன் எல்லாம் முடிஞ்சு கால் சைன், அதாவது காத்துல நமக்கு உள்ள பேரு, வரும், ரெஸ்ட்ரிக்டடுக்கு வி.யு.3 னு ஆரம்பிக்கும், ஜெனரலுக்கு வி.யு.2. கப்பாசிட்டர்னா என்ன, டையோடு எப்படி வேலை செய்யுது எல்லாம் பசங்க தலைகீழா சொல்றாங்க. கியூடிஎச்னா இருக்குற எடம், கியூஎஸ்எல்னா வந்து சேந்துச்சு, 73னா வாழ்த்துக்களோட முடிச்சுக்கறேன், இதுவும் மனப்பாடம். ஆனா ஒரு ஆளுகூட பத்து நிமிசம் பேசிப் பாருன்னு எந்த பரீட்சையும் கேக்கல, கேக்கவும் முடியாது.

ஏன் பயமா இருக்குன்னு யோசிச்சா காரணம் புரியும். போன்ல பேசும்போது எதிராளு ம் கொட்டிக்கிட்டே இருப்பான், அப்படியா, அப்புறம், சரி சரி, இப்படி நடுவுல சத்தம் வந்துக்கிட்டே இருக்கும், அத வச்சுத்தான் நாம பேச்ச இழுத்துட்டுப் போறோம். இங்க அது கெடையாது. மைக்ல இருக்குற சுவிட்ச அமுக்குனா நீ மட்டும்தான், விடுற வரைக்கும் ஒரு ம் கூட வராது, சிரிச்சானா மொறச்சானா தெரியாது, அதுக்கும் மேல வேற யாரெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னும் தெரியாது. வாட்ஸ்ஆப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டுப் பழகுன புள்ளைங்களுக்கு இது ஈசியா இருக்கும்னு நெனச்சேன், இல்ல, அதுல பிடிக்கலன்னா டெலிட் பண்ணிக்கலாம், இங்க போனது போனதுதான்.

ஆனா நம்ம கரையில இந்த பேச்சு தெரிஞ்ச ஆளுக்கு பஞ்சமே இல்ல. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம், தொண்டி, எந்த ஜெட்டிலயும் போய் நின்னு போட்டுக்காரங்க விஎச்எஃப்ல பேசுறத கேட்டுப் பாருங்க. கூப்புடுறது ஒரு சேனல்ல, 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், அதுல பேரச் சொல்லி ஆளப் புடிச்ச உடனே வேற சேனலுக்கு மாறிருவாங்க, ஏன்னா 16 ஆபத்துக்கு கூப்புடுறதுக்கும் வேணும். மாறுன எடத்துல ஒருத்தன் முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தன் பொறுப்பான், இஞ்சின் எரைச்சல்ல பாதி கேக்கலன்னா திரும்பச் சொல்லுன்னு வெக்கப்படாம கேப்பான். பள்ளிக்கூடம் போகாத பெரியவங்க கூட இத பண்றாங்க. அந்த வீட்டுல பொறந்து இஞ்சினியரிங் படிச்ச பையன்தான் மைக்க புடிச்சுக்கிட்டு முழிக்கிறான், வேடிக்கையா இருக்கு. அதுக்காக ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. கடல் வயர்லெஸ்சுக்கு சட்டம் வேற, அலைவரிசை வேற. ஹாம்ல தொழில் பேசக்கூடாது, எறா என்ன வெலை போச்சு, ஐஸ் லாரி வந்துச்சா, இதெல்லாம் கூடவே கூடாது.

சரி, எங்க இருந்து ஆரம்பிக்கிறது. கேக்குறதுல இருந்துதான், ஆனா சும்மா கேக்குறது இல்ல. 40 மீட்டர் பேண்டு, அதாவது 7.0 லருந்து 7.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், காலைல திருப்பிப் பாத்தா நம்ம நாட்டு ஆளுங்க நெறைய பேர் பேசுறது கேக்கும், தமிழ், மலையாளம், கன்னடம், இந்தி எல்லாம். அந்த பேண்டுல குரல் லோயர் சைடு பேண்டுல, அதாவது அலையோட கீழ்ப்பக்கத்துல போகும், 20 மீட்டருக்கு போனா அப்பர், மேல்பக்கம், செட்டுல இது மாறிப் போச்சுன்னா வாத்து கத்துற மாதிரிதான் கேக்கும், உடனே இது ஏதோ ஃபாரின் பாசைன்னு முடிவு பண்ணிராதீங்க. ஒரு நோட்ட எடுத்து வச்சுக்கிட்டு ரெண்டு பேர் பேசுறத மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் எழுதுங்க. யார் எப்ப கால் சைன சொல்றாங்க, ஒருத்தர் சொன்னத அடுத்தவர் எங்க புடிச்சு தொடர்றாரு, எப்படி முடிக்கிறாங்க. என்ன பேசுனாங்கங்கறத விட எப்படி கைமாத்துனாங்கன்னு கவனிங்க. சொந்தமா இந்த பேண்ட எடுக்குற ஹெச்எஃப் ரிசீவர் இல்லாதவங்க இன்டர்நெட்ல வெப்எஸ்டிஆர்னு இருக்கு, அதுலயும் கேக்கலாம்.

அப்புறம் உள்ள போறது. பேசிக்கிட்டு இருக்குறவங்க நடுவுல போறதுன்னா கல்யாண வீட்ல நாலு பேர் நின்னு பேசிக்கிட்டு இருக்குற எடத்துல போய் நிக்கிற மாதிரிதான், போன உடனே நம்ம கதைய ஆரம்பிக்க மாட்டோம்ல, கொஞ்ச நேரம் நின்னு, பேச்சு ஓயுற எடத்துல ஒரு வார்த்தை. ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்கிற அந்த சின்ன இடைவெளில உங்க கால் சைன மட்டும் ஒரு தடவை சொல்லுங்க, அவ்ளோதான், வேற எதுவும் வேண்டாம். பழைய ஆளுங்க அந்த இடைவெளிய வேணும்னேதான் விடுவாங்க, புதுசா யாராவது வரட்டும்னு. அதே மாதிரி நீங்களும் பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டுட்டு சுவிட்ச அமுக்குங்க, அமுக்கி அர செகண்டு கழிச்சு பேசுங்க, இல்லன்னா முத எழுத்து வெட்டுப்பட்டுப் போயிரும், கால் சைன்ல வி போச்சுன்னா நீங்க எந்த நாட்டு ஆளுன்னே தெரியாது.

காலியா இருக்குற எடத்துல நீங்களா கூப்புடுறதா இருந்தா, மொதல்ல இங்க யாராவது இருக்கீங்களான்னு கேட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டு, பதில் இல்லன்னா சீக்யூ சீக்யூ சீக்யூ (யார் வேணா பதில் சொல்லுங்கன்னு அர்த்தம்), திஸ் இஸ் விக்டர் யூனிஃபார்ம் த்ரீ, அப்புறம் உங்க எழுத்துக்கள், ஸ்டாண்டிங் பை. எழுத்துக்கள பிராவோ, டெல்டா, பாப்பா, டேங்கோன்னு சொல்றது பந்தாவுக்கு இல்ல, எரைச்சல்ல பி, டி, வி எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்கும், அதுக்குத்தான். ஆனா ஒரு தடவை தெளிவா போய்ச் சேந்ததுக்கு அப்புறமும் ஒவ்வொரு தடவையும் அத நீட்டி முழக்கணும்னு இல்ல.

இப்ப நடுப்பகுதிக்கு வர்றேன். ஓவர்னா ஒருத்தர் சுவிட்ச அமுக்கி விடுற வரைக்கும் பேசுற ஒரு முறை, முத ஓவர் எல்லாருக்கும் வந்திருது. ரிப்போர்ட்டு, அதாவது எதிராளு எப்படி கேக்குறாருங்கற நம்பர், அப்புறம் பேரு, ஊரு. எல்லாம் நிக்கிறது ரெண்டாவது ஓவர்லதான். திண்டுக்கல்ல இருந்து ஒரு பெரியவர் வர்றாருன்னு வைங்க, தம்பி உங்க ரிப்போர்ட் ஃபைவ் செவன், கொஞ்சம் ஏறி எறங்குது, இங்க நேத்து அடிச்ச காத்துல டைபோல் ஆன்டெனா ஒரு பக்கம் தொங்கிருச்சு, ஒத்த ஆளா ஏத்த முடியல, அப்படியேதான் ஓடுது, உங்க பக்கம் எப்படின்னு கேட்டு மைக்க விடுறாரு. நம்ம பையன் என்ன சொல்றான்னா, ரோஜர் சார், உங்க ரிப்போர்ட் ஃபைவ் நைன், என் பேரு இது, கியூடிஎச் உச்சிப்புளி, செவன்ட்டி த்ரீ சார். முடிஞ்சு போச்சு. அந்த மனுசன் ஆன்டெனா தொங்குதுன்னு சொன்னாரு, ஒத்த ஆளா இருக்கேன்னு சொன்னாரு, உங்க பக்கம் எப்படின்னு கேள்வியே கேட்டாரு, மூணுமே தரையில விழுந்திருச்சு. பையன் காதுல விழாம இல்ல, அடுத்து நாம என்ன சொல்லணும்னு மனசுக்குள்ள ஒப்பிச்சுக்கிட்டு இருந்ததுல கேக்கல.

அதனாலதான் பேப்பரும் பேனாவும் இல்லாம மைக்க தொடாதீங்கன்னு சொல்றேன். அவர் பேசும்போது ஆன்டெனா, காத்து, ஒத்த ஆளுன்னு மூணு வார்த்தைய கிறுக்கி வச்சா போதும், உங்க ரெண்டாவது ஓவர் அங்கயே இருக்கு. எதுல கட்டிருக்கீங்க சார், மரமா பைப்பா, இங்க பனைமரத்துல நடு முனைய கட்டி ரெண்டு பக்கமும் பத்து பத்து மீட்டர் எறக்கி விட்டிருக்கோம், வாடைக்காத்து ஆரம்பிச்சா கயிறு அறுந்துரும், உப்புக்காத்துல கனெக்டர் எல்லாம் பச்சை புடிச்சிரும், மதுரைப் பக்கத்து ஆளுங்களுக்கு இந்த தொல்லை இல்ல, நீங்க கனெக்டர எத வச்சு சுத்துறீங்க. பாத்தீங்களா, கேள்விலயே முடிஞ்சிருச்சு, அவருக்கும் பேச ஒண்ணு கெடச்சிருச்சு. ஓவர் முடிக்கும்போது ஒரு கேள்விய வச்சுட்டு விடுறது பழகிட்டா பாதி வேலை முடிஞ்சது, ஆனா ஒரு கேள்விதான், ஏழு கேள்விய அடுக்குனா அவர் பரீட்சை எழுதுற மாதிரி ஆயிரும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு பேச விசயம் இல்லன்னா நான் நம்பவே மாட்டேன். ராமேஸ்வரம் தீவுல இருந்து பேசுறேன்னு சொல்லிப் பாருங்க, எதிர்ல இருக்குற ஆளே பேச்ச இழுப்பாரு. பாம்பன் பாலத்த கேக்காத ஆளே இல்ல. பழசு 1914ல தொறந்தது, நடுவுல ரெண்டு கையா பிரிஞ்சு மேல போயிட்டு இருந்துச்சு, 1964 புயல்ல சேதமாயி சரி பண்ணுனது, புதுசு 2025 ஏப்ரல்ல தொறந்தது, 72.5 மீட்டர் துண்டு அப்படியே நேரா மேல ஏறுது, இத நேர்ல பாத்த ஆளு சொன்னா வடநாட்டுல இருக்குறவர் கூட அப்படியே கேப்பாரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம்னா என்ன, போட்டெல்லாம் கரையில ஏத்தி என்ன வேலை பாப்பாங்க, இது நமக்கு தெனப்படி சங்கதி, கோயம்புத்தூர்க்காரருக்கு புதுசு. வெளிநாட்டு ஆளுங்க இன்னொண்ணு கேப்பாங்க, நீங்க கடல்ல இருந்து எவ்வளவு தூரம்னு. ஏன்னா உப்புத்தண்ணி ஓரத்துல நட்டுக்குத்தலா ஆன்டெனா நிறுத்துனா அலை தாழ்வான கோணத்துல ரொம்ப தூரம் போகும், அது ஹாம்காரங்க எல்லாருக்கும் ஒரு ஆசை, காசு குடுத்தாலும் கடல் இல்லாத ஊர்ல கெடைக்காது, நமக்கு வாசல்ல கெடக்கு. கிரிட் என்னன்னு, அதாவது உலக மேப்ப கட்டம் கட்டமா பிரிச்சதுல நீங்க எந்த கட்டம்னு கேட்டா எம்.ஜே.99 னு சொல்லுங்க, தொண்டில இருந்து தனுஷ்கோடி, மூக்கையூர் வரைக்கும் நம்ம ஜில்லா கரை முழுசும் அந்த ஒரே கட்டம்தான்.

ரிப்போர்ட்ட பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். எல்லாருக்கும் ஃபைவ் நைன் குடுக்குற பழக்கம் எங்க இருந்து வந்துச்சோ. முத நம்பர் பேச்சு எவ்வளவு வெளங்குதுன்னு, ஒண்ணுல இருந்து அஞ்சு, அடுத்தது சத்தம் எவ்வளவுன்னு, ஒண்ணுல இருந்து ஒம்போது. யூ ஆர் ஃபைவ் நைன் சார், உங்க பேரையும் ஊரையும் திரும்பச் சொல்லுங்க, கேக்கலன்னு சொல்றாங்க. கேக்கலன்னா எப்படிய்யா ஃபைவ் நைன்? உள்ளத சொல்லுங்க, த்ரீ ஃபோர்னா த்ரீ ஃபோர். அவர் அத வச்சு ஆன்டெனாவ திருப்புவாரு, மைக்க சரி பண்ணுவாரு, அதுவே ஒரு பேச்சு. யார் நெறைய ஸ்டேசன எடுக்குறாங்கன்னு போட்டி நடக்குற அன்னைக்கும், எட்டாத தீவுல இருந்து யாராவது வந்து நூறு பேர் ஒரே நேரத்துல கத்துறப்பவும் மட்டும் கால் சைனும் ஃபைவ் நைனும் சொல்லிட்டு விலகிரணும், அங்க போய் பாம்பன் பாலத்த பத்தி பேசுனா திட்டுதான் விழும். சனி ஞாயிறுல பேண்ட திருப்புற புதுப் பசங்க அதக் கேட்டுட்டு ஹாம்னா இதுதான் போலன்னு நெனச்சுக்கறாங்க, பாவம்.

இப்ப இன்னொரு கூட்டம் வாய் பேசாம கம்ப்யூட்டர் வழியா சேதி போற எஃப்டி8 பக்கம் போயிருது. 2017ல வந்தது, நோபல் பரிசு வாங்குன ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேவும் சேந்து பண்ணுனது, 15 செகண்டுக்கு ஒரு தடவை கம்ப்யூட்டரே அனுப்பும் கம்ப்யூட்டரே வாங்கும், எரைச்சலுக்கு அடியில கெடக்குற சிக்னலையும் எடுத்துரும். அருமையான வேலை, அதுல எனக்கு மறுப்பு இல்ல, பேண்டு தொறந்திருக்கா இல்லையான்னு பாக்க நானும் போடுவேன். ஆனா வாய் தொறக்க பயந்து அதுல போய் ஒளியிற பையன் நூறு நாடு எடுத்திட்டேன்னு லிஸ்ட காட்டுறப்ப, தம்பி இதுல ஒருத்தர் பேராவது தெரியுமான்னு கேக்கத் தோணுது.

பேச்சு நடுவுல அறுந்து போறதும் நடக்கும், அதுக்கு உங்க மேல கோவம்னு அர்த்தம் இல்ல. பகல்ல வானத்துல டி அடுக்குன்னு ஒண்ணு கீழ் பேண்டுகள உறிஞ்சிரும், உச்சி வெயில்ல 40 மீட்டர் மங்கும், சாயங்காலம் அது கலைஞ்ச உடனே தூரம் நீளும், பக்கத்து ஜில்லாக்காரர் காணாமப் போயி வேற நாட்டுக்காரன் வந்து உக்காருவான். வீட்டுக்குள்ள இருந்து வர்ற எரைச்சல் இன்னொண்ணு, மட்டமான எல்இடி பல்பும் இன்வர்ட்டரும்தான் முக்காவாசி காரணம், ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாத்தா திருடன் மாட்டிக்குவான். ரெண்டு மீட்டர் பேண்டு, 144ல இருந்து 146, கைக்குள்ள அடங்குற செட்டு, தென்னந்தோப்புக்கு நடுவுல சில கிலோமீட்டர்தான் போகும், ஆனா காத்து அடங்குன புழுக்கமான ராத்திரில கடலுக்கு மேல அலை வழுக்கிக்கிட்டு போறது நம்ம கரைக்கு உள்ள தனி ராசி. இலங்கை எஃப்எம் ஸ்டேசன் எல்லாம் நம்ம வீட்டு ரேடியோல எடுக்குதே, அரிச்சல்முனைல போய் நின்னா செல்போன் அக்கரை டவர புடிக்குதே, அதே கடல்தான். அரிச்சல்முனைல இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்.

அக்கரைன்னு சொன்னதும் இத சொல்லாம விட முடியாது. இலங்கைக்காரங்க கால் சைன் 4எஸ்7 னு ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் தமிழ் பேசுற ஆளு மாட்டிட்டா நமக்கு சந்தோசம் தாங்காது, பேசவும் அவ்வளவு ஈசி. ஆனா நம்ம கரையில யார் வீட்டுலயாவது ஒரு போட்டு புடிபட்டிருக்கும், ஒரு மாமனோ மச்சானோ உள்ள இருந்துட்டு வந்திருப்பாங்க, நாக்கு நுனில அது நிக்கும். கச்சத்தீவு, ரெட்டமடி வலை, நேவி, எதுவும் காத்துல வரக்கூடாது. அரசியல் பேச அமெச்சூர் ரேடியோவுல எடமில்ல, ரெண்டு பக்கத்து கவர்மென்டும் கேக்கலாம், அதெல்லாம் இருக்கட்டும், அந்த பக்கத்துல மைக்க புடிச்சிருக்குறவரும் ஏதோ ஒரு வீட்ல ரேடியோ மேல பைத்தியமா இருக்குற நம்மள மாதிரி ஆளுதான், அவர எதுக்கு பதில் சொல்ல முடியாத எடத்துல நிறுத்தணும். மழை பெஞ்சுச்சா, என்ன ஆன்டெனா, எந்த நேரத்துல எங்கள நல்லா கேக்குது. இது பேசுனாலே அர மணி நேரம் போயிரும். உச்சிப்புளில கடற்படை விமானதளம் இருக்கு, மண்டபத்துல கோஸ்ட் கார்டு இருக்கு, நம்ம ஏரியாவுல கம்பியும் செட்டுமா கடற்கரையில உக்காந்தா ஆள் வந்து கேக்கத்தான் செய்வாங்க, கேக்கணும்தான். லைசென்ஸ் காப்பி பையில இருக்கட்டும், லைசென்ஸ்ல உள்ள அட்ரஸ விட்டு செட்ட வெளிய தூக்குறதுக்கு முன்னாடி விதிய ஒரு தடவை படிச்சிருங்க.

பொம்பளப் புள்ளைங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. நீங்க காத்துல வந்தா பத்து பேர் சேந்து கூப்புடுவாங்க, எல்லாருக்கும் பதில் சொல்லணும்னு ஒண்ணும் கெடையாது, ஒருத்தரோட கால் சைன சொல்லி அவர்கிட்ட மட்டும் பேசுங்க, போன் நம்பர காத்துல யாருக்கும் குடுக்காதீங்க, யார் கேட்டாலும். பெரியவங்களுக்கும் அதே நேரத்துல ஒரு வார்த்தை. புதுப்புள்ளை கால் சைன தப்பா சொன்னா அந்த எடத்துலயே வகுப்பு எடுக்காதீங்க சார். பேச விடுங்க, அப்புறம் மெதுவா சொல்லலாம்.

இவ்வளவும் வெட்டிப் பேச்சு பழகத்தானான்னு கேட்டா, அதுலதான் எல்லாம் இருக்கு. 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத் தலைமைல ஒரு குழு அந்தமானுக்கு போச்சு, அங்க இருந்து ஹாம்ல பேச ரொம்ப வருசம் கழிச்சு கெடச்ச அனுமதி, உலகம் பூரா ஆளுங்க அவங்கள பிடிக்க வரிசைல நின்னாங்க. 26ஆம் தேதி சுனாமி. பேசுறதுக்குன்னு போட்ட அதே செட்டு, அதே ஆளுங்க, அங்க உள்ளவங்க உசுரோட இருக்காங்களா இல்லையான்னு சேதி கடத்த ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு அவங்களுக்கு புதுசா எதுவும் கத்துக்க வேண்டி வரல, கேக்கத் தெரிஞ்சிருந்துச்சு, எழுதத் தெரிஞ்சிருந்துச்சு, அடுத்தவன் முடிக்கிற வரைக்கும் பொறுக்கத் தெரிஞ்சிருந்துச்சு. நம்ம தனுஷ்கோடில 1964 டிசம்பர் 22 ராத்திரி ரயிலே கடலுக்குள்ள போனப்ப சேதி சொல்ல கம்பியும் இல்ல, வழியும் இல்ல. 2018 நவம்பர்ல கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறுனப்ப டவரும் கரண்டு கம்பமும் சாஞ்சு கெடந்தத நாமளே பாத்தோம். பல பேர் ஒரே அலைவரிசைல முறை வச்சு பேசுறதுக்கு நெட்னு பேரு, அந்த நேரத்துல அத நடத்த நெட் கன்ட்ரோல்னு ஒருத்தர் இருப்பாரு, அவர் கூப்பிட்டாத்தான் வாய தொறக்கணும், நம்பர ஒவ்வொரு இலக்கமா சொல்லணும், வாங்குன ஆளு திரும்பப் படிச்சுக் காட்டணும், காட்டுற வரைக்கும் சேதி போய்ச் சேரல. சாதாரண நாள்ல திண்டுக்கல்காரரோட தொங்குன ஆன்டெனாவ காதுல வாங்காத பையன் அன்னைக்கு எந்த ஊர்ல எத்தன பேர் மாட்டிக்கிட்டு இருக்காங்கங்கறத வாங்கிருவானா?

அதனால நம்ம ஜில்லா காலேஜ்கள்ல ஹாம் கிளப் வச்சிருக்குறவங்க, இனி வைக்கப் போறவங்க, பரீட்சைக்கு கோச்சிங் குடுக்குறதோட நிறுத்தாம வாரத்துக்கு ஒரு சாயங்காலம் ரெண்டு மீட்டர்ல ஒரு நெட் நடத்துங்க. தமிழ்லயே நடத்துங்க, கால் சைன் மட்டும் முறைப்படி இங்கிலீஷ்ல சொன்னா போதும். ஒவ்வொரு ஆளும் முன்னாடி பேசுனவர் சொன்னதுல ஒண்ண எடுத்து ஒரு கேள்வி கேட்டுட்டுத்தான் தன் சேதிய சொல்லணும்னு ஒரே ஒரு சட்டம் போடுங்க, ஒரு மாசத்துல பசங்க எப்படி மாறுறாங்கன்னு பாருங்க. பேப்பர்காரங்க நீங்களும் மழைக்கு முன்னாடி போடுற அந்த செய்தில, செட்டுக்கு முன்னாடி நிக்கிற ஆளோட போட்டோ மட்டும் போடாம, அந்த ஆளு போன வாரம் யார்கூட பேசுனாரு என்ன பேசுனாருன்னு ரெண்டு வரி கேட்டு எழுதுங்க, பதில்லயே தெரிஞ்சிரும் தயாரா இருக்காரா இல்லையான்னு.

லைசென்ஸ பீரோக்குள்ள வச்சிருக்குறவங்க ஞாயித்துக்கெழம காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி 40 மீட்டர திருப்புங்க. நெட் நடத்துறவர் புது ஸ்டேசன் யாராவது இருக்கீங்களான்னு கேப்பாரு. அப்ப கால் சைன மட்டும் சொல்லிட்டு சுவிட்ச விடுங்க.

இப்படிக்கு,
வயர்லெஸ் ரிப்பேர் கடைக்காரர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.

பி.கு: ஆன்லைன்ல வாங்குன சைனா செட்ட தூக்கிட்டு வந்து இதுல போட்டு சேனல் ஏத்தித் தாங்கண்ணேன்னு கேக்குறவங்க தயவுசெஞ்சு வராதீங்க. நான் ஏத்தித் தரமாட்டேன், டீ வேணா வாங்கித் தர்றேன்.